வெண்பா நடந்த வழி

சென்னை, மதுரை, சிதம்பரம், ஆரணி. இந்த நான்கு ஊர்ப் பெயர்களையும் இதே வரிசையில் நிறுத்தாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அடுத்து, மதுரை, சென்னை, ஆரணி, சிதம்பரம் என்று வரிசையை மாற்றிச் சொல்லுங்கள். முதலில் சொன்னது வெண்பாவின் ஓர் அடி. இரண்டாவது, ஆசிரியப்பாவின் ஓர் அடி. சொற்கள் மாறவில்லை. பொருள் என்று இதில் எதுவுமே இல்லை. எந்தப் பெயருக்குப் பக்கத்தில் எந்தப் பெயர் நிற்கிறது என்பது மட்டும் மாறியது. அதற்குள் பாவே மாறிவிட்டது.

எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று செய்யுளின் உறுப்புகளைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். அவை எதற்காக என்று அப்போது யாரும் சொன்னதில்லை. ஒரு பாட்டு வாயிலிருந்து ஓலைக்கும், ஓலையிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து திரைக்கும் சிதையாமல் வந்துசேர்ந்ததே அந்த உறுப்புகளால்தான். வெண்பாவின் வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். ஆகவே இது வெண்பாவின் கதை. கதைக்கு முன்னால் அதன் உடற்கூறு.

எட்டு ஊர்கள்

எழுத்து சேர்ந்தால் அசை. அசை இரண்டே வகை. க, கல், கா, கால் என்று ஒற்றை உயிரோசையில் முடிவது நேர். கட, கடல், கடா, கடாய் என்று குறிலில் தொடங்கி இன்னோர் உயிரோசையையும் சேர்த்துக்கொண்டு முடிவது நிரை. மெய்யெழுத்து ஓசையை முடித்துவைக்கும். அசையின் கணக்கைக் கூட்டாது.

அசை சேர்ந்தால் சீர். சென்னை என்பது நேர் நேர், அது தேமா. மதுரை நிரை நேர்; புளிமா. ஆரணி நேர் நிரை, கூவிளம். சிதம்பரம் நிரை நிரை, கருவிளம். இந்த நான்கின் கடைசியிலும் ஒரு நேரசையைச் சேர்த்தால் காய்ச்சீர்கள் வரும். தஞ்சாவூர் தேமாங்காய், திருவாரூர் புளிமாங்காய், கும்பகோணம் கூவிளங்காய், திருவரங்கம் கருவிளங்காய். வெண்பாவின் அடிகளுக்குள் இந்த எட்டுக்கு மட்டுமே இடம். திருவலஞ்சுழி என்று நிரையில் முடியும் மூவசைச் சீர் கனிச்சீர் ஆகிவிடும். வெண்பா அதை ஏற்காது.

சீரும் சீரும் சேரும் இடம் தளை. வெண்பாவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மாச்சீர் நேரசையில் முடியும். அதற்கு அடுத்த சீர் நிரையில் தொடங்கவேண்டும். விளச்சீர் நிரையசையில் முடியும். அதற்கு அடுத்தது நேரில் தொடங்கவேண்டும். காய்ச்சீருக்குப் பின் நேர் வரவேண்டும். மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர்: வெண்டளை இவ்வளவுதான். ஆசிரியத்தளை இதற்கு நேர் எதிர். அங்கே நேருக்குப் பின் நேர், நிரைக்குப் பின் நிரை. ஆசிரியப்பா ஒத்த ஓசையை ஒத்த ஓசையோடு கோக்கிறது. வெண்பாவின் ஈரசைச் சீர்கள் ஒவ்வாத ஓசையைத் தேடிப்போய்ச் சேர்கின்றன. சீருக்குச் சீர் ஓசை இப்படித் திரும்பித் திரும்பி வருவதால்தான் வெண்பாவைக் கேட்பவர் காது அயர்வதில்லை.

வெண்பாவின் அடிகளுக்கு நான்கு சீர். கடைசி அடிக்கு மட்டும் மூன்று. அந்த மூன்றாவது சீரும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக இருக்கவேண்டும். நாளும் மலரும் ஒற்றை அசைகள். காசும் பிறப்பும் குற்றியலுகரத்தில் தேய்ந்து முடிபவை. ஓடிவந்த ஓசை எதிர்பார்த்த இடத்துக்கு ஒரு சீர் முன்னதாகவே நின்றுவிடுகிறது. தீர்ப்புச் சொல்லி எழுந்துவிட்டது போன்ற அந்த முடிவு வேறு எந்தப் பாவுக்கும் இப்படி வாய்க்கவில்லை. இரண்டடியானால் குறள், மூன்றடி சிந்தியல், நான்கடி அளவியல், ஐந்து முதல் பன்னிரண்டடிவரை பஃறொடை, அதற்கு மேல் போனால் கலிவெண்பா. நான்கடியில் இரண்டாம் அடியின் கடைசியில் எதுகையோடு தனிச்சொல் வந்தால் நேரிசை, இல்லையேல் இன்னிசை.

இந்த உடம்போடுதான் அது புறப்பட்டது.

கலியின் கடைசியில்

வெண்பாவை நமக்கு முதலில் அறிமுகம் செய்துவைப்பது தொல்காப்பியம். அதன் செய்யுளியல் 34 உறுப்புகளைச் சொல்கிறது. பா நான்கு என்று ஆசிரியம், வஞ்சி, வெண்பா, கலி ஆகியவற்றை வகுக்கிறது. நெடுவெண்பாட்டு, குறுவெண்பாட்டு என்ற பெயர்களும் அங்கே உண்டு. ஆனால் சங்க இலக்கியத்தைப் புரட்டினால் வெண்பாவைத் தேடத்தான் வேண்டும். அகநானூறு, நற்றிணை, குறுந்தொகை, பதிற்றுப்பத்து எங்கும் ஆசிரியப்பாவின் ஆட்சி. பாணரும் புலவரும் அரசன் முன் நின்று எடுத்துரைத்த உலகத்துக்கு அகவலோசை பொருந்தியது. வெண்பா அப்போது கலிப்பாவின் வீட்டில் ஒதுக்குப்புறமாகக் குடியிருந்தது. தரவும் தாழிசையுமாகத் துள்ளிவந்த பாட்டைச் சுரிதகமாக வந்து முடித்துவைக்கும் வேலை பல இடங்களில் அதற்கு. முடித்துவைப்பதில் தனக்கிருந்த திறமையை அது அந்த வேலையில்தான் காட்டத் தொடங்கியது என்று எனக்குத் தோன்றும்.

தொல்காப்பியர் அசையை நான்காகச் சொன்னார்: நேர், நிரை, நேர்பு, நிரைபு. உகரம் ஒட்டிய பின்னிரண்டும் பிற்கால இலக்கணத்தில் வழக்கொழிந்து, இரண்டே அசை என்றாயிற்று. ஆனால் வெண்பாவின் ஈற்றுச்சீரில் வரும் காசும் பிறப்பும் அந்தப் பழைய நேர்பும் நிரைபுமே. மற்ற எல்லா இடத்திலும் மறைந்துபோன ஒன்றை வெண்பா தன் கடைசிச் சீரில் மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறது. இன்று குறளை அலகிடும் மாணவர் நேர்பு, காசு என்று எழுதும்போது தொல்காப்பியரின் அசையைத்தான் எழுதுகிறார்.

அறம் சொல்ல வந்த பா

சங்கத் தொகைகளுக்குப் பின் காட்சி தலைகீழாகிறது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் ஏறக்குறைய எல்லாமே வெண்பா. நாலடியாரும் பழமொழி நானூறும் தலைக்கு 400 வெண்பா. இன்னா நாற்பது, இனியவை நாற்பது, நான்மணிக்கடிகை, திரிகடுகம், ஏலாதி என்று அறநூல்கள் அணிவகுக்கின்றன. அகப்பொருள் பேசும் கார் நாற்பதும், போர்க்களம் பாடும் களவழி நாற்பதும்கூட அதே யாப்பில். நடுவே 1,330 குறள் வெண்பாக்கள்.

ஏன் இந்த மாற்றம்? அரசவையில் நின்று வேந்தனைப் புகழ்வதற்கு நீளும் ஓசை வேண்டும். யாரென்று தெரியாத ஒருவனுக்கு, அவன் வாழ்க்கைக்குத் துணையாக ஒன்றைச் சொல்லி அனுப்புவதற்கு, அவன் மறக்காத அளவில் சொல்லவேண்டும். வெண்பாவின் ஓசையைச் செப்பல் என்றார்கள். செப்புதல் என்றால் கேட்டவருக்குப் பதில் சொல்லுதல். ஒரு கருத்தை எடுத்து, விரித்து, ஈற்றடியில் அறுதியிட்டு நிறுத்தும் அதன் அமைப்பு அறம் சொல்வதற்கென்றே வளர்ந்ததுபோல இருக்கிறது.

ஒரு குறளில் ஏழு சீர், ஆறு தளை. நூல் முழுவதும் கணக்கிட்டால் 7,980 தளைகள். எங்கேனும் ஒரு சொல் வழுவினால் அந்த இடத்தில் ஓசை இடறும். இடறினால் சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். எழுதிவைக்காமலே ஒரு நூலை நூறு ஊருக்கு அனுப்பலாம் என்ற துணிவை வள்ளுவருக்கு இந்தத் தளைகள் கொடுத்திருக்கும்.

நாலடியாரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. பஞ்சத்தில் பாண்டியனை அண்டி வாழ்ந்த சமண முனிவர்கள், பஞ்சம் தீர்ந்ததும் அவனிடம் சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டார்கள். ஆளுக்கொரு வெண்பாவை எழுதி இருக்கையில் வைத்துவிட்டுப் போனார்கள். சினந்த மன்னன் எல்லா ஏடுகளையும் வைகையில் எறியச் சொன்னான். வெள்ளத்தை எதிர்த்து நீந்திவந்து கரையேறிய ஏடுகள் 400. வரலாறாக இதைக் கொள்ளவேண்டியதில்லை. ஆனால் தமிழர் தங்கள் நூலுக்கு என்ன குணம் வேண்டினார்கள் என்பதற்கு இந்தக் கதை சான்று. எவ்வளவு வெள்ளம் வந்தாலும் கரையேறுகிற குணம்.

கோயில் வாசலில்

அடுத்து வெண்பா கோயிலுக்குப் போயிற்று. காரைக்காலம்மையார் அற்புதத் திருவந்தாதியை 101 வெண்பாவில் பாடினார். பொய்கையார், பூதத்தார், பேயார் என்ற முதலாழ்வார் மூவரும் ஆளுக்கொரு திருவந்தாதி செய்தார்கள். மூன்றும் நூறு நூறு வெண்பா. ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் முதற்சொல் ஆவது அந்தாதி. வெண்பாவுக்குள் சீரைச் சீரோடு தளை கோக்கிறது. அந்தாதி பாட்டைப் பாட்டோடு கோத்தது. ஒரு வெண்பா நினைவுக்கு வந்தால் நூறும் வரிசையாக வரும். ஏடு இல்லாத பக்தருக்கு இதைவிடப் பெரிய கொடை எது?

அறத்தை அறுதியிட்டுச் சொன்ன அதே யாப்பு இங்கே உருகவும் செய்தது. பாவின் வடிவம் உணர்ச்சிக்கு எல்லை கட்டும் என்று நினைப்பவர்கள் நாலடியாரையும் அற்புதத் திருவந்தாதியையும் அடுத்தடுத்து வாய்விட்டுப் படிக்கவேண்டும். ஒரே அளவு, ஒரே தளை. ஆனால் இரண்டு வேறு மனிதர் பேசுவது கேட்கும்.

மாணிக்கவாசகர் சிவபுராணத்தைக் கலிவெண்பாவில் பாடினார். வெண்டளை அறுபடாமல் 95 அடி ஓடுகிறது. யாப்பின் பெயரே தெரியாத எத்தனையோ பேர் இன்றும் அதை ஏடு பாராமல் ஓதுகிறார்கள். உலா, மடல், தூது என்று பின்னால் வளர்ந்த சிற்றிலக்கியங்களும் கலிவெண்பாவின் வழியில்தான் நடந்தன. ஒட்டக்கூத்தரின் மூவருலாவும் குமரகுருபரரின் கந்தர் கலிவெண்பாவும் அந்த வரிசை.

காரிகை என்ற பாடப்புத்தகம்

இதற்குள் விருத்தம் எழுந்துவிட்டது. தேவாரமும் சிந்தாமணியும் கம்பராமாயணமும் விருத்தத்தின் பலத்தைக் காட்டின. பெருங்கதை சொல்லவேண்டுமானால் விருத்தம் என்று ஆயிற்று. அந்தக் காலத்தில்தான் அமிதசாகரர் என்ற சமண முனிவர் யாப்பிலக்கணத்தைத் தொகுத்தார். முதலில் யாப்பருங்கலம். பிறகு அதைச் சுருக்கி யாப்பருங்கலக் காரிகை.

காரிகை வெறும் விதிப் பட்டியலாக இருந்திருந்தால் ஒரு தலைமுறையோடு போயிருக்கும். அமிதசாகரர் ஒவ்வொரு விதியையும் கட்டளைக் கலித்துறையில், ஒரு பெண்ணை முன்னிறுத்தி அவளிடம் சொல்வதுபோலப் பாடினார். விதிக்கு எடுத்துக்காட்டாகப் பல வெண்பாக்கள் வேண்டுமே. அவற்றை எப்படி நினைவில் வைப்பது? எடுத்துக்காட்டுகளின் தொடக்கச் சொற்களை மட்டும் கோத்து அதற்கும் ஒரு காரிகை இருக்கிறது. முதல்நினைப்புக் காரிகை என்று அதற்குப் பெயர். மறதிக்கு எதிராக இத்தனை முன்னேற்பாடு செய்த பாடப்புத்தகம் வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

யாப்பருங்கலத்துக்கு எழுந்த விருத்தியுரை இன்னொரு பெரிய காரியம் செய்தது. விதிகளை விளக்க அது எடுத்தாண்ட பாட்டுகளில் பல, மூலநூல் அழிந்துபோனவை. செய்யுளின் உறுப்பை விளக்கப்போய்ச் செய்யுளையே காப்பாற்றிக் கொடுத்துவிட்டது. மூவேந்தரையும் வெண்பாவில் பாடிய முத்தொள்ளாயிரத்துக்கும் இதே நிலைதான். நூல் போய்விட்டது. புறத்திரட்டு என்ற தொகைநூல் எடுத்துவைத்ததால் நூறைச் சற்றே தாண்டிய வெண்பாக்கள் மட்டும் நமக்கு மிஞ்சின. ஒவ்வொன்றும் தனித்து நிற்கக்கூடிய கட்டுக்கோப்போடு இருந்ததால்தான் உதிர்ந்த பின்னும் அவை பாட்டாகவே இருக்கின்றன.

அவையில் ஒரு புலி

விருத்தத்தின் காலத்தில் வெண்பாவில் ஒரு முழுக்கதையைச் சொல்லிக்காட்டியவர் புகழேந்தி. சந்திரன் சுவர்க்கி என்ற தலைவன் ஆதரிக்க, நளன் கதையைச் சுயம்வர காண்டம், கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம் என்று மூன்று காண்டமாக, நானூற்றுக்கும் மேற்பட்ட நேரிசை வெண்பாக்களில் பாடினார். நான்கடிக்கு ஒருமுறை நின்றுவிடும் பாவை வைத்துக் கதையை ஓட்டுவது கடினம். புகழேந்தி அந்த நிறுத்தத்தையே பயன்படுத்திக்கொண்டார். ஒவ்வொரு வெண்பாவும் ஒரு காட்சி. அன்னம் வருவது ஒன்று, தமயந்தி கேட்பது ஒன்று, காட்டில் நள்ளிரவில் நளன் தயங்குவது ஒன்று. வெண்பா என்றால் புகழேந்தி என்று தமிழுலகம் தீர்மானித்துவிட்டது.

வெண்பா புலவருக்குப் புலி என்று ஒரு சொல்வழக்கு உண்டு. அந்தப் புலியோடு விளையாடியவர் காளமேகம். ஒரே வெண்பாவுக்குள் இரண்டு பொருளை ஒளித்துவைக்கும் சிலேடையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவைகளில் ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்லும் வழக்கம் இருந்தது. கடைசி அடியின் மூன்று சீரை ஒருவர் சொல்வார். அதற்குப் பொருந்தும்படி முன்னடிகளைப் புலவர் உடனே கட்டவேண்டும். தளையும் எதுகையும் கைவந்தவருக்கே அது சாத்தியம். எட்டயபுரத்துச் சிறுவன் சுப்பிரமணியனை மட்டம்தட்ட ஒருவர் கொடுத்த ஈற்றடியை, அவன் கொடுத்தவர்மீதே திருப்பிவிட்ட கதை செவிவழியாக நம் எல்லோருக்கும் வந்திருக்கிறது.

மறுபக்கம் வெண்பா சிறுவர்களின் வாய்க்கும் போயிற்று. ஔவையாரின் மூதுரையும் நல்வழியும், குமரகுருபரரின் நீதிநெறி விளக்கமும், சிவப்பிரகாசரின் நன்னெறியும் திண்ணைப் பள்ளியில் உரத்துச் சொல்லப்பட்டன. பொருள் பிறகு விளங்கும், ஓசை முதலில் ஏறட்டும் என்பது அந்தக் கல்வியின் முறை. அதை உருப்போடுதல் என்று நாம் குறைத்துப் பேசிவிட்டோம். அந்தப் பிள்ளைகளின் காது வெண்டளையில் பழகியிருந்தது என்பதை மறந்துவிட்டோம்.

ஓலையிலிருந்து தாளுக்கு

ஓலைச்சுவடியில் அடி பிரித்து எழுதும் வழக்கம் இல்லை. இடமிருந்து வலமாக ஓலை முடியும்வரை எழுத்துகள் தொடர்ந்து போகும். மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எழுத்தாணிக் குத்து ஓலையைக் கிழித்துவிடும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. கெடு, கேடு இரண்டும் பார்வைக்கு ஒன்றே. அப்படியிருக்க, எது என்று எப்படி அறிவது? கெடு என்றால் ஒற்றை நிரையசை. வெண்பாவின் அடி நடுவில் அது தனிச்சீராக நிற்க முடியாது. கேடு என்றால் நேர் நேர், தேமா. நடுவில் தனிச்சீராக நிற்குமானால் அது கேடுதான். கண்ணுக்குத் தெரியாத எழுத்தைத் தளை சொல்லிக்கொடுத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பதிப்பாசிரியர்கள் இந்தக் கருவியோடுதான் வேலை செய்தார்கள். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை, 1894இல் புறநானூற்றை, 1895இல் புறப்பொருள் வெண்பாமாலையைப் பதிப்பித்தார். ஐயர் இளமையில் செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை பாடம் கேட்டவர். இடம்விட்டுப்போன ஏடுகளில் எந்தச் சொல் இருந்திருக்க முடியும், எது இருந்திருக்க முடியாது என்று சொல்லும் துணிவு அந்தப் பயிற்சியிலிருந்து வந்தது.

திருக்குறளும் நாலடியாரும் 1812இலேயே அச்சில் வந்துவிட்டன. அச்சு வெண்பாவுக்கு முதன்முதலாக ஒரு கண்ணுக்குத் தெரியும் வடிவம் கொடுத்தது. நீண்ட அடியும் குட்டையான ஈற்றடியும் தாளில் படமாகத் தெரிந்தன. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. பொருளறிந்து என்பது சீராக நின்றால் கருவிளங்காய். படிப்பவருக்கு எளிதாகட்டும் என்று பொருள், அறிந்து எனப் பிரித்து அச்சிட்டால் சீர் உடைந்துவிடும். சீரைக் காப்பதா, சொல்லைக் காட்டுவதா? இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மர்ரே நிறுவனத்தார் சந்தி பிரித்து மலிவு விலையில் கொண்டுவந்த பதிப்புகள் பழைய நூல்களைப் பொதுமக்களிடம் சேர்த்தன. அந்த நன்மை பெரியது. ஆனால் அன்றிலிருந்து கண்ணால் படிப்பவர் ஒரு வழியும், காதால் படிப்பவர் ஒரு வழியும் போகவேண்டியதாயிற்று. இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்து அச்சிடும் பதிப்பே நேர்மையானது என்பது என் எண்ணம்.

கடல் கடந்தபோது வேறொன்று நடந்தது. வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனுக்குக் கொண்டுபோனார். ஜி.யு. போப் 1886இல் குறளையும் 1893இல் நாலடியாரையும் ஆங்கிலத்தில் தந்தார். கருத்து கப்பலேறியது, வெண்டளை ஏறவில்லை. நேரும் நிரையும் தமிழின் குறில் நெடில் மேல் நிற்பவை. அந்த மண்ணைவிட்டு அவற்றைப் பெயர்க்க முடியாது. குறளை உலகம் அறியும் என்று நாம் பெருமைப்படலாம். குறள் வெண்பாவை அறிய ஒருவர் தமிழுக்குத்தான் வரவேண்டும்.

உடைத்தவர்களும் பேசவைத்தவர்களும்

பாரதி குயில் பாட்டைக் கலிவெண்பாவில் எழுதினார். வசன கவிதையும் எழுதினார். யாப்பறிந்த கையே யாப்புக்கு வெளியேயும் நடந்து பார்த்தது. ந. பிச்சமூர்த்தி அந்த வழியில் மேலே போனார். 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய எழுத்து இதழ் புதுக்கவிதைக்கு வீடாயிற்று. அடியின் நீளத்தை இனிமேல் சீர்க்கணக்கு தீர்மானிக்காது, சொல்லவந்த பொருளின் மூச்சு தீர்மானிக்கும் என்றார்கள். சரியான காலத்தில் வந்த சரியான குரல் அது. எதுகைக்காகச் சொல்லைத் திணித்து, பிறந்தநாள் வாழ்த்துக்கும் சீட்டுக்கவிக்கும் வெண்பாவைத் தேய்த்துவிட்டவர்கள் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

ஈழத்தில் இன்னொன்று நடந்தது. அளவெட்டியில் பிறந்த மஹாகவி உருத்திரமூர்த்தியும், முருகையனும், நீலாவணனும் யாப்பை விடவில்லை. யாப்புக்குள் பேச்சைக் கொண்டுவந்தார்கள். அடி முடியும் இடத்தில் வாக்கியத்தை முடிக்காமல் அடுத்த அடிக்குள் கொண்டுபோய், பேசுகிற மனிதன் நிறுத்தும் இடத்தில் நிறுத்தினார்கள். தாளில் பார்த்தால் புதுக்கவிதை போல உடைந்து நிற்கும். எண்ணிப் பார்த்தால் சீரும் தளையும் தவறாமல் இருக்கும். மேடையில் பாத்திரங்கள் பேசுவதற்கு இந்த நடை அவர்களுக்குப் பயன்பட்டது. தமிழ்நாட்டில் புதுக்கவிதை எழுதியவர்கள் உடைத்து அடைந்த பேச்சுத்தன்மையை இவர்கள் உடைக்காமலே அடைந்தார்கள். தமிழ்நாட்டு வாசகர்கள் அந்தச் சாதனையை இன்னும் உரிய அளவில் படிக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்.

கட்டுப்பாடு இருந்தால் உயிர் இருக்காது என்பவர்களுக்கு மஹாகவி பதில். கட்டுப்பாடே கவிதை என்பவர்களுக்குப் பிச்சமூர்த்தி பதில். இரண்டும் தேவைப்பட்ட பதில்கள்.

திரையும் தேர்வுத்தாளும்

வெண்பாவின் விதிகள் ஐயத்துக்கு இடமில்லாதவை. சீர் எட்டு, தளைவிதி மூன்று, ஈறு நான்கு. அதனால் கணினிக்கு அது எளிதில் வசப்பட்டது. 2003இல் நடந்த தமிழ் இணைய மாநாட்டிலேயே வெண்பாவுக்குக் கணினி இலக்கணம் வகுத்த ஆய்வுக்கட்டுரை ஒன்று வந்தது. பின்னர் அவலோகிதம் போன்ற மென்பொருள்கள் வந்தன. ஒரு பாட்டை இட்டால் அசை பிரித்து, வாய்பாடு சொல்லி, தளை பிறழ்ந்த இடத்தையும் காட்டிவிடும். அ.கி. பரந்தாமனாரின் கவிஞராக, கி.வா. ஜகந்நாதனின் கவி பாடலாம், புலவர் குழந்தையின் யாப்பதிகாரம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறை தானே கற்றது. அடுத்த தலைமுறைக்கு இணையக் குழுக்களில் ஈற்றடி கொடுக்கவும் ஆளிருக்கிறது, பிழை திருத்த மென்பொருளும் இருக்கிறது. ஐகாரம் எங்கே குறுகும், உகரம் எங்கே தேயும் என்று முடிவுசெய்ய மட்டும் இன்னும் காது வேண்டியிருக்கிறது.

ஆனால் பெரும்பாலான தமிழ்ப் பிள்ளைகள் வெண்பாவைச் சந்திக்கும் இடம் பத்தாம் வகுப்புத் தேர்வுத்தாள். ஒரு குறளைக் கொடுத்து அலகிட்டு வாய்பாடு எழுதச் சொல்கிறார்கள். பிள்ளைகள் கோடு போட்டுப் பிரிக்கிறார்கள், நேர் நிரை எழுதுகிறார்கள், மதிப்பெண் வாங்குகிறார்கள், மறந்துவிடுகிறார்கள். ஒரு யாப்பைப் பிரிக்க மட்டும் கற்றுக்கொடுத்தால் அது பிணக்கூறு ஆய்வாகவே மனத்தில் தங்கும். இத்தனை நூற்றாண்டுகளாக இந்தப் பா நடந்தது, ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ புதிதாக ஒன்றைக் கட்டியதால்தான். காரிகையும் பிரித்துக் காட்ட எழுந்த நூல் அன்று. பாடக் கற்றுக்கொடுக்க எழுந்த நூல்.

ஆகவே பாடத்திட்டம் வகுப்பவர்களிடம் கேட்பதற்கு என்னிடம் ஒன்று இருக்கிறது. அலகிடும் வினா இருக்கட்டும். அதோடு வகுப்பறையில் ஈற்றடி கொடுக்கும் பழைய வழக்கத்தையும் கொண்டுவாருங்கள். மூன்று சீரை ஆசிரியர் கரும்பலகையில் எழுதட்டும். அதற்கு முன்னால் வரவேண்டிய நான்கு சீரைப் பிள்ளைகள் தேடட்டும். கிரிக்கெட்டைப் பற்றி இருக்கலாம், மதிய உணவைப் பற்றி இருக்கலாம், அம்மாவைப் பற்றி இருக்கலாம். முதல் முயற்சியில் தளை தட்டும். தட்டியது என்பதை எண்ணிப் பார்க்காமல், சொல்லிப் பார்த்தே ஒரு பிள்ளை உணர்ந்துவிட்டால், அமிதசாகரர் சொல்ல வந்ததில் பாதியை அது கற்றுவிட்டது. மீதியைக் காரிகை சொல்லிக்கொடுக்கும்.